ஆட்டம் பிள்ளைகளுடையது

கே: கேரம் போட்டியில் தோற்றால் என் மகன் அழுகிறான், சாப்பிடவே மறுக்கிறான். போட்டிக்கு அனுப்புவதையே நிறுத்திவிடலாமா?
- வாசகி, ஈரோடு

ப: நிறுத்தாதீர்கள். அழுகிறான் என்றால் ஆட்டத்தின் மேல் அவ்வளவு ஆசை. அழுது முடிக்கட்டும். அலசலை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் "ஏன் தோத்தே?" என்று கேட்காதீர்கள், "எந்த இடத்துல ஆட்டம் கைவிட்டுப் போச்சு?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சாக்கு வரும், இரண்டாவதற்குப் பதில் வரும்.

கே: நானும் என் நண்பனும் ஒரே போட்டியில் மோதுகிறோம். நட்பு கெட்டுவிடாதா?
- மாணவன், திருநெல்வேலி

ப: கெடாது தம்பி. செஸ் வீரர்கள் குகேஷும் பிரக்ஞானந்தாவும் சென்னையில் ஒரே பள்ளிக் குழுமத்தில் படித்தவர்கள். 2024-இல் புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் ஒரே அணியில் நின்று தங்கம் வென்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். இரண்டே மாதத்தில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீயில் நடந்த போட்டியில் இருவரும் சம புள்ளியில் முடிக்க, டைபிரேக்கரில் உலகச் சாம்பியனை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார் பிரக்ஞானந்தா. நண்பன் என்று விட்டுக்கொடுத்திருந்தால் இருவருமே வளர்ந்திருக்க மாட்டார்கள். நீயும் முழு மூச்சோடு ஆடு. உன் நண்பனுக்கு நீ செய்யும் மரியாதை அதுதான்.

கே: எட்டு வயதுப் பெண்ணை மாநிலப் போட்டிக்குத் தயார் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், சேலம்

ப: அவசரமே இல்லை. நார்வேயில் 13 வயதுக்கு முன் தேசியச் சாம்பியன்ஷிப் கிடையாது. 11 வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல்கூடப் போடக் கூடாது. இது அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பின் விதி. சின்னஞ்சிறுசுகள் உள்ளூரில் போட்டி போடுகிறார்கள், ஆசை தீர ஆடுகிறார்கள். அந்த நாடுதான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்துடன் முதலிடம் பிடித்தது. பனியும் பணமும் உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளை விரட்டாததால் அவர்களுக்கு ஒரு பதக்கமும் குறைந்துவிடவில்லையே!

கே: என் மகளைப் பயிற்சியாளர் களத்தில் இறக்குவதே இல்லை. போய்ச் சண்டை போடட்டுமா?
- வாசகி, தஞ்சாவூர்

ப: நீங்கள் போக வேண்டாம், அவளையே கேட்கச் சொல்லுங்கள்: "சார், நான் எதைச் சரிசெஞ்சா இறக்குவீங்க?" இதற்குப் பதில் சொல்லாத பயிற்சியாளர் என்றால் வேறு இடம் பாருங்கள்.

கே: மகன் கபடி ஆடும்போது ஓரத்தில் நின்று கத்தாமல் இருக்க முடியவில்லையே?
- வாசகர், மதுரை

ப: தாராளமாகக் கத்துங்கள். எதிரணிப் பையன் நல்ல ரெய்டு போட்டாலும் கைதட்டுங்கள். "காலைப் பிடி, இடுப்பைப் பிடி" மட்டும் வேண்டாம். பயிற்சியாளர் ஒன்று சொல்ல, அப்பா ஒன்று சொல்ல, அந்த அரை நொடியில் பையன் யார் பேச்சைக் கேட்பான்?