கலையா, வர்த்தகமா, பஸ்ஸா? டாக்டராகும் முன் பாடந் தெரிதல் பற்றிய ஒரு மலையக ஆய்வு

டாக்டராக வேண்டுமானால் அதற்கு முன் என்ன படிப்பது என்ற கேள்வி அமெரிக்காவில் பல்கலைக்கழக வாசலில் எழுகிறது. அங்கே முதலில் ஏதாவதொரு துறையில் 4 வருடப் பட்டம் எடுக்க வேண்டும். இசையும் எடுக்கலாம், தத்துவமும் எடுக்கலாம். கூடவே இரசாயனம், உயிரியல், பௌதிகம் என்று கேட்ட பாடங்களை முடித்திருந்தால் சரி. எங்கள் பக்கம் அதே கேள்வி ஓ.எல். பெறுபேறு வந்த மறுநாள் காலை பீலியடியில், குடம் நிரம்புவதற்குள் எழுகிறது. கேட்பவர் பக்கத்துக் காம்பராக்காரர். பதிலையும் அவரே சொல்லிவிடுவார். இவ்விரு முறைகளையும் ஒப்புநோக்க ஓர் ஆய்வாளர் தேவைப்பட்டார். அன்றைக்குத் தோட்டத்தில் பேர் (ஒருநாள் சம்பளப் பதிவு) விழாமல் சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான்.

ஆய்வுக்களம்: பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டன் வரையான பாதை. மாதிரி: ஒரு லயம், ஆறு காம்பரா, ஏழு அபிப்பிராயம். (ஏழாவது, கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்த மாமாவுடையது. மற்ற ஆறையும் சேர்த்தாலும் அதன் சத்தத்துக்கு ஈடாகவில்லை.)

முன்னோடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். கொழும்பில் மருத்துவப் பாடசாலை 1870இல் தொடங்கியது. இப்போது தமிழ் உயர்தரம் வரை நம்மோடு வந்து, மருத்துவபீட வாசலில் இறங்கிக்கொள்கிறது. ஹட்டனில் பஸ் மாறுவதுபோல.

முதற் கருதுகோள்: பிள்ளை தன் விருப்பப்படி பாடம் தெரிகிறது. இந்தக் கருதுகோள் நோர்வூட் தாண்டுவதற்குள் செத்துப்போயிற்று. இலங்கையில் பாடசாலைகளுக்கு வகை உண்டு. 1ஏபி என்றால் உயர்தர விஞ்ஞானம் இருக்கும். 1சி என்றால் கலையும் வர்த்தகமும்தான். 2ஆம் வகை 11ஆம் ஆண்டோடு முடிந்துவிடும். 3ஆம் வகை சின்னப் பிள்ளைகளுக்கு. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அவற்றில் பல இன்னும் கடைசி இரண்டு வகைக்குள் இருக்கின்றன. ஆகவே உயிரியல் படிக்க விரும்பும் பிள்ளை முதலில் தெரிய வேண்டியது பாடத்தை அல்ல, பஸ்ஸை. அடுத்து, பஸ் போய்ச்சேரும் இடத்தில் சேர் இருக்க வேண்டும். இரசாயனத்துக்கு ஒரு சேர் வருவார், அவர் மாற்றலாகிப் போனபின் பௌதிகத்துக்கு ஒருவர் வருவார். இருவரும் ஒரே வருடத்தில் ஒரே பாடசாலையில் தென்படுவதைக் கிரகணத்தோடு ஒப்பிடலாம்.

இதிலிருந்து ஒரு சமன்பாடு பெறப்பட்டது. பாடசாலையின் வகையை இருக்கும் சேர்மாரின் எண்ணிக்கையால் பெருக்கி, வந்ததை ஓடும் பஸ்களின் எண்ணிக்கையால் பெருக்குக. ஏதாவதொன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். அந்தப் பூச்சியத்துக்குத்தான் எங்கள் ஊரில் கலைப்பிரிவு என்று பெயர் வைத்திருக்கிறோம். கலைப்பிரிவுக்கு இது பெரிய அநியாயம். வரலாற்றை ஆசைப்பட்டு எடுத்த பிள்ளை ஒன்று என் மாதிரிக்குள் இருந்தது. "பஸ் இல்லையாம், பாவம்" என்று லயமே பேசிக்கொண்டது. பஸ் இருந்தது.

இனி, ஆய்வின் வளமான பகுதி: இணைப்பாடவிதானச் செயற்பாடுகள். அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் 15 செயற்பாடுகள் வரை எழுத இடமுண்டு. அவற்றில் 3ஐ மிக முக்கியமானவை என்று தனியே விவரிக்கலாம். டாக்டர் ஒருவரின் பின்னால் நடந்து வேலையைப் பார்த்திருந்தால் அதையும் குறிப்பிடலாம். மேற்படி படிவத்தை எங்கள் லயத்துப் பையன் ஒருவனிடம் வாய்மொழியாக நிரப்பினேன். மருத்துவ அனுபவம்: அப்பாயியைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தது, மாதம் ஒரு தரம், ஆறாம் ஆண்டிலிருந்து. அவசர சிகிச்சை: வலி கண்ட பெரியம்மாவைக் கொழுந்து லொறியில் ஏற்றி, படங்கைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை நின்றபடி போனது. ஒட்டுண்ணியியல்: அம்மாவின் காலில் சவர்க்காரம் பூசியும் ஏறிவிட்ட அட்டைகளை உப்பு வைத்துக் கழற்றியது. தலைமைத்துவம்: மாசியில் காமன் கூத்துக்கு லயம் லயமாகக் காசு சேர்த்தது. உடற்பயிற்சி: ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தது. 15ஐத் தாண்டியதும் "இன்னும் இருக்குங்க" என்றான். நான்தான் பேனையை மூடினேன்.

இவையெல்லாவற்றுக்கும் நம் நாட்டில் மருத்துவபீட அனுமதியில் கிடைக்கும் புள்ளி ஒன்றுகூட இல்லை. அங்கே பேசுவது இசட் புள்ளி மட்டும்: ஒவ்வொரு பாடத்திலும் எடுத்த புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் சராசரி காண்பது. 2001இல் வந்த முறை. இடங்களில் 40 சதவீதம் நாடு முழுவதற்கும் திறமைப்படி, 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் நுவரெலியாவும் உண்டு. பட்டியலில் இருப்பதால் இன்னொரு விளைவும் உண்டு: சில வெளிமாவட்டப் பெற்றோருக்கு எங்கள் குளிர்மீது திடீர்ப் பிரியம் பிறந்து, பிள்ளைகளை இங்குள்ள பாடசாலைகளில் பதிந்துவிடுகிறார்கள் என்ற முறைப்பாடு மலையகத்தில் நெடுநாளாகக் கேட்கிறது. பஸ்ஸைத் தெரியாமல் மாவட்டத்தையே தெரிந்தவர்கள் இவர்கள். ஆய்வாளர் இம்முறையியலை வியக்கிறார், பரிந்துரைக்கவில்லை.

கடைசிக் களக்குறிப்பு. மேற்சொன்ன பையனுக்குப் பெறுபேறு வந்த நாள் நான் இஸ்தோப்பில் இருந்தேன். மாவட்ட வெட்டுப்புள்ளிக்குச் சற்றே குறைவு. நியம விலகல் என்றால் என்ன என்று நான் அரை மணித்தியாலம் விளக்கியும் அவன் அப்பாயிக்கு ஏறவில்லை. வாழ்நாள் முழுவதும் தராசின் முன் கூடையோடு நின்றவர் அவர்.

"சொன்ன கிலோவுக்கு நெறை கொஞ்சம் கொறஞ்சிருச்சு, அதானே? அரைப் பேர் போட்டுட்டாங்க."

முப்பது நிமிடத்தில் நான் சொல்ல முயன்றது அவ்வளவுதான்.

"மிச்சத்த அப்புறமாப் பறிச்சுக் குடுத்தா முழுப் பேர் போடுவாங்களாய்யா?"

"மூனு தரம் வரைக்கும் எழுத விடுவாங்க அப்பாயி. இது மொதத் தரம்தான்."

அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, மலைப்பக்கம் பார்த்து யோசித்தார்.

"அப்ப அடுத்த தரம் கொழுந்து நல்லா வெளையிற மாசமாப் பாத்து எழுது."