ஆந்தெஸ் தாத்தா

ஸ்பெயினில் எந்த ஊரில் சாலையைத் தோண்டினாலும், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தடுப்புக்கு வெளியே ஒரு பெரியவர் நிற்பார். பணி ஓய்வு பெற்றவர். பொறியியல் படித்தவரில்லை, ஆனாலும் குழாய் இறக்குகிற விதம் அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை முகமே சொல்லும். பக்கத்தில் போய் நின்றால் தீர்ந்தது. "ஆந்தெஸ்..." என்று ஆரம்பித்துவிடுவார். 'அந்தக் காலத்தில்' என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு அவர் வாயில் வருகிற வினைச்சொல்லெல்லாம் 'ஆபா', 'ஈயா' என்றே முடியும். 'அப்லாபா' என்றால் பேசுவது வழக்கம், 'கொமீயா' என்றால் சாப்பிடுவது வழக்கம். இந்த இறந்தகாலத்துக்கு இம்பெர்ஃபெக்தோ என்று பெயர். எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்றெல்லாம் அதனிடம் கேட்கக்கூடாது. 'தாத்தா நாலு மணிக்கே எழுந்துவிடுவார்' என்று நாம் எதிர்காலத்தை இரவல் வாங்கி ஒப்பேற்றுகிற காரியத்துக்கு, அவர்கள் தனி விகுதியே வைத்திருக்கிறார்கள். இந்த விதிக்கு அடங்காத வினைகளும் மூன்றுதான்: எரா, ஈபா, வெயீயா. இருப்பது, போவது, பார்ப்பது. தாத்தாவுக்கும் வேறு வேலை கிடையாது.

அந்தக் காலத்தில் சேயாட் 600 என்கிற குட்டிக் காரில் ஏழு பேர், ஒரு தர்பூசணி, ஒரு மாமியார் சகிதம் கடற்கரைக்குப் போவார்களாம். கையில் நூறு பெசேத்தா இருந்தால் குடும்பமே வயிறாரச் சாப்பிடுமாம். 2002-இல் யூரோ வந்து பெசேத்தாவை வழியனுப்பிவிட்டதால் சரிபார்க்கவும் வழியில்லை. 'எந்த வருஷம்?' என்று கேட்பவன் மரியாதை தெரியாதவன்.

ஒரே தடவை நடந்து முடிந்ததைச் சொல்ல ஸ்பானிய மொழியில் இன்னொரு இறந்தகாலம் உண்டு. அது ரசீது மாதிரி. தாத்தாவின் மனைவி பத்திரமாக வைத்திருப்பார்.

"பெஸ்காபா," என்பார் தாத்தா. ஆற்றில் மீன் பிடிப்பது வழக்கமாம்.

"பெஸ்காஸ்தே," என்று திருத்துவார் பாட்டி. பிடித்தாய், ஒரே ஒரு நாள். அதையும் கரையேற்றியது உன் அண்ணன்.

விகுதி ஒன்று மாறியதும் ஒரு முழு வாலிபப் பருவம் ஒரு மத்தியான வேளையாகச் சுருங்கிவிடும்.

தாத்தாவே மனமுவந்து ரசீதை எடுத்து நீட்டுகிற விஷயம் ஒன்று உண்டு: 2010 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம், 116-ஆவது நிமிடம், ஸ்பெயினின் இனியெஸ்தா கோல் அடித்தார். 'அடிப்பது வழக்கம்' என்று சொல்ல அவருக்கே மனம் வராது.

பேசிப் பேசித் தொண்டை வறண்டதும் எதிரே உள்ள காபிக் கடைக்குள் நுழைவார். "கெரீயா உன் கஃபே," என்பார். ஒரு காபி வேண்டியிருந்தது. மரியாதையாகக் கேட்பதற்கும் ஸ்பானியர்களுக்கு இதே இம்பெர்ஃபெக்தோதான். கடைப் பையன் தன் தொழிலின் மிகப் பழைய ஜோக்கை எடுத்து விடுவான்:

"வேண்டியிருந்ததா? இப்போது வேண்டாமா?"

தாத்தா அசரமாட்டார். "ஆந்தெஸ், காபி கொடுக்கிறவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள்."