ரேம் விலையும் கித்தா விலையும்

என் அக்கா மகனிடம் 2,500 வெள்ளி இருக்கிறது. கேம் விளையாட ஒரு கணினி கட்ட வேண்டுமாம். எந்தப் புராசசருக்கு எந்தக் கிராபிக்ஸ் கார்டு பொருந்தும், எத்தனை ஃபிரேம் கிடைக்கும், எவ்வளவு சூடாகும் என்று யூடியூபில் உலகமே அவனுக்குப் பாடம் நடத்துகிறது. ரைசன் 5 5600 வாங்கலாமா, ஐ3 12100எஃப் வாங்கலாமா என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவான். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட் இழுக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம்; அம்மாவின் பிறந்தநாள் மறந்துவிடும். இவ்வளவும் தெரிந்ததால் இன்னும் ஒரு திருகாணிகூட வாங்கவில்லை. எங்களுக்கு எதுவும் தெரியாது. ஒரே மத்தியானத்தில் வாங்கி முடித்தோம்.

அது 1998. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். கித்தா மரங்களை ஒரு பக்கம் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். லயத்தில் பாதி வீடுகள் காலி. வெள்ளியின் மதிப்பு சரிந்த சரிவில் ஈப்போ கடைக்காரர்கள் கணினிச் சாமான்களின் விலையைப் பென்சிலால்தான் எழுதினார்கள். அந்த ஆகஸ்ட் 24-இல் இன்டெல் நிறுவனம் செலரோன் 300ஏ என்ற புராசசரை வெளியிட்டது. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 2-இல், ஒரு டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று அரசாங்கம் கட்டிப்போட்டது. இரண்டில் எது சரித்திரம் என்று பள்ளிக்கூடப் புத்தகம் ஒரு விதமாகச் சொல்லும். எங்களைக் கேட்டால் செலரோன்தான்.

காரணம் இருக்கிறது. செலரோன் 300ஏ-யின் மொத்த விற்பனை விலை 149 டாலர். அதே நாளில் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-க்கு 669 டாலர். நம் காசில் ஒன்று 566 வெள்ளி, மற்றது 2,542 வெள்ளி. மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100-க்கு ஏற்றிவிட்டால் 300 மெகாஹெர்ட்ஸ் செலரோன் 450-இல் ஓடும். பெரும்பாலும் எரியாமல் ஓடும். இதற்குப் பெயர் ஓவர்கிளாக். தோட்டத்தில் ஓவர்டைம் பார்த்தால் கூலி கூட வரும். செலரோன் பாவம், சும்மா உழைத்தது.

அதன் மேல் சின்ன எழுத்தில் ‘மலாய்’ என்று அச்சிட்டிருக்கும். சிலவற்றில் ‘கோஸ்டா ரிக்கா’. எந்த ஊர்ச் சரக்கு நன்றாக வேகம் ஏறும் என்று உலகமெங்கும் பையன்கள் சண்டை போட்டார்கள். இன்டெல் 1972-லேயே பினாங்குக்கு வந்துவிட்டது. வட பேராக் தோட்டங்களின் பெண்பிள்ளைகள் பேக்டரி பஸ் ஏறி பினாங்கின் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அம்மா பால் வெட்ட எழுந்ததும் இருட்டோடுதான், மகள் பஸ்ஸுக்கு எழுந்ததும் இருட்டோடுதான். மகளுக்குச் சம்பளம் கொஞ்சம் கூட, கொசு கொஞ்சம் குறைவு. அங்கே நம் பிள்ளைகள் சோதித்துப் பெட்டி கட்டி அனுப்பிய சாமான், டாலர் வழியாகச் சுற்றிக்கொண்டு, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஈப்போவுக்கு வந்து சேரும்போது எங்களால் வாங்க முடியாத விலையில் இருந்தது.

அதனால் நான்கு பேர் சேர்ந்து வாங்கினோம். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1960-இல் சுங்கை சிப்புட்டின் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளிகளிடம் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து, துண்டாடப்பட்டு விற்பனைக்கு வந்த தோட்டங்களையே வாங்கிக் காட்டினார். தாத்தாக்கள் அந்த முறையில் தோட்டம் வாங்கினார்கள். பேரன்கள் ஒரு கணினி.

ஆனால் தாத்தாக்களுக்குப் பங்குப் பத்திரம் இருந்தது. எங்களிடம் இருந்தது சாமான். மானிட்டர் ஒருவனுடையது, மதர்போர்டும் புராசசரும் ஒருவனுடையது, கேசிங்கும் ஹார்ட் டிஸ்க்கும் என்னுடையது, 64 எம்பி ரேம் நான்காமவனுடையது. சண்டை வந்தால் அவனவன் பாகத்தைக் கழற்றிக்கொண்டு போவதாக மிரட்டுவான். மானிட்டர்காரன் மிரட்டினால் யாரும் பயப்பட மாட்டோம். அந்தக் கண்ணாடிக் குழாய்ப் பெட்டியைத் தூக்க இன்னொருவன் வேண்டும், அந்த இன்னொருவன் எங்களில் ஒருவன். ரேம்காரன்தான் ஆபத்தானவன். இரண்டு கிளிப்பை விலக்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோயில் திடலுக்குப் பந்து விளையாடப் போய்விடுவான். மிகச் சிறிய பாகம் யாரிடம் இருக்கிறதோ அவனே முதலாளி என்பதை நாங்கள் பொருளாதாரம் படிக்காமலே தெரிந்துகொண்டோம்.

கடை என்றால் லக்சமானா சாலையின் யிக் பூங் காம்ப்ளெக்ஸ். பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை சுலபம்: இருப்பதிலேயே மலிவு எது? “போலே குராங், தவுக்கே?” என்போம். “சுடா முரா” என்பார் அவர், கால்குலேட்டரிலிருந்து தலை தூக்காமல். இலக்கணம் கிடையாது, மலாய்க்காரர் கேட்டால் சிரிப்பார், வியாபாரம் நடக்கும். பவர் சப்ளை கேசிங்கோடு இலவசமாக வரும். அதைக் கையில் தூக்கி எடை பார்ப்போம். கனமாக இருந்தால் நல்லது, உள்ளே செம்பு இருக்கிறது என்று பொருள். இன்று அந்த எடைக்குப் பதில் ‘80 பிளஸ் புரோன்ஸ்’ முத்திரை இருக்கிறது. கேசிங்கின் தகர விளிம்பு விரலைக் கிழிக்கும்; உளி பிடித்துப் பழகிய வீட்டுப் பிள்ளைகள் என்பதால் அதை யாரும் காயமாகக் கணக்கில் எடுக்கவில்லை. கிந்தா பள்ளத்தாக்கின் சாயங்கால இடிதான் நிஜ எதிரி. தொலைபேசிக் கம்பி வழியாக வந்து மோடத்தைச் சுட்டுவிட்டுப் போகும்.

2000 வாக்கில் ஊழியர் சேமநிதியிலிருந்து கணினி வாங்கப் பணம் எடுக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. பால் வெட்டிச் சேர்த்த ஓய்வுக்காலப் பணம் கணினியாக மாறுவதைப் பார்க்க லயமே பரபரத்தது. கணினி இல்லாமலே ரசீது கிடைக்கிறது என்று நாடெங்கும் பேச்சு கிளம்ப, திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அறிவுப் பொருளாதாரம் என்று அப்போது மேடைதோறும் பேசினார்கள். ரசீது வரைக்கும் வந்தது.

இப்போது மருமகன் பார்க்கும் கேசிங்கில் தகரம் கிடையாது. பக்கமெல்லாம் கண்ணாடி, உள்ளே விளக்கு. தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ போகும் ரதம் மாதிரி ஜொலிக்கிறது. அவன் விளையாடுவதோ வேலரண்ட். கிராபிக்ஸ் கார்டே இல்லாத சாதாரண மடிக்கணினியிலும் அது ஓடும். சொல்லிப் பார்த்தேன். “மாமா, உங்களுக்குத் தெரியாதுலா” என்றான்.

ஒரு விஷயம் தெரியும். 1877-இல் கோலகங்சாரில் நட்ட கித்தா மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அன்றிலிருந்து மரத்துக்குப் பக்கத்தில் இருந்தவன் எவனும் கித்தாவுக்கு விலை வைத்ததில்லை. லண்டனில் யாரோ தும்மினால் இங்கே பால் காசு குறையும், கொரியாவில் சண்டை வந்தால் கூடும். கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான். 2021-இல் ஈதீரியம் என்ற மின்நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை வாரிக்கொண்டு போக, சாதாரணக் கார்டுக்கு மோட்டார் சைக்கிள் விலை சொன்னார்கள். அந்த ஜூலையில் மிரியில் போலீஸ் 1,069 பிட்காயின் இயந்திரங்களை ஸ்டீம் ரோலர் ஏற்றி நசுக்கியது. அவற்றில் கேம் ஓடாது என்று தெரிந்தும், காணொளியைப் பார்த்த பையன்களுக்கு வயிறு எரிந்தது. 2022 செப்டம்பரில் ஈதீரியம் கார்டு தேவையில்லாத முறைக்கு மாறிக்கொள்ள, உழைத்துக் களைத்த பழைய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன.

இப்போது ரேமின் முறை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக அள்ளுகின்றன. நம் ஜொகூரிலேயே அவை வரிசையாக எழும்புகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுக் கணினிக்காரர்கள் நம்பி வாங்கிய குருஷியல் ரேமை இனி விற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. மருமகனின் பட்டியலில் அலட்சியமாகக் கடைசி வரியில் கிடந்த ரேம், மேலே ஏறி வந்து கிராபிக்ஸ் கார்டின் பணத்தைத் தின்கிறது. 32 ஜிபி 16 ஆனது. இந்தப் பணத்துக்கு அவன் செய்யக்கூடியது, டிடிஆர்4 ஏறும் பழைய ஏஎம்4 போர்டை வாங்கி, கார்டையும் ரேமையும் செகண்ட் ஹேண்டில் பார்ப்பது. பவர் சப்ளையை மட்டும் புதிதாக வாங்கச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் மறுக்காமல் கேட்டுக்கொண்டான்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. ‘சூராட் காபார் லாமா’ லாரி உங்கள் தாமானுக்குள் வரும்போது, மூலையில் கிடக்கும் பழைய கணினியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பெட்டியைத் திறந்து ரேமைக் கழற்றி வைத்துக்கொண்டு, மீதியைக் கொடுங்கள். 8 ஜிபி டிடிஆர்4 இருந்தால் என் மருமகன் வந்து வாங்கிக்கொள்வான். விலை மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.