24 நிமிட நாட்டுப்பற்று

எங்கள் குடும்பத்தில் நாட்டுப்பற்றுக்குக் குறைவே கிடையாது. அட்டாரி-வாகா எல்லையில் கொடியிறக்கும்போது வீரர்கள் காலைத் தலை உயரத்துக்குத் தூக்கி வைப்பதை டி.வி.யில் பார்த்து, முறுக்கைக் கடித்தபடியே கைதட்டுவோம். அண்ணன் மகன் எல்லைப் பாதுகாப்புப் படையில் கான்ஸ்டபிளாகச் சேரப் போவதாகச் சொன்ன அன்றுதான் முறுக்கு தொண்டையில் சிக்கியது.

ஆண்களுக்கு 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும் என்றது அறிவிப்பு. "இவ்வளவுதானா? நான் பள்ளிக்கூடம் போனதே அவ்வளவு தூரம்" என்றார் அண்ணன். "பஸ்ஸில்" என்றார் அண்ணி.

400 மீட்டர் தடத்தில் அது பன்னிரண்டரைச் சுற்று. சுற்றுக்கு 1 நிமிடம் 55 நொடிதான் கணக்கு. செல்போனில் நேரம் பார்க்கும் பொறுப்பு எனக்கு. "சித்தப்பா, எவ்வளவு?" என்று அவன் ஓடிக்கொண்டே கேட்பான். சொல்ல வாயெடுப்பதற்குள் வளைவைத் தாண்டியிருப்பான்.

மைதானத்தின் பெரிய சோதனை தூரமல்ல, வாக்கிங் வரும் பெரியவர்கள். உள்தடத்தை நால்வராக அடைத்துக்கொண்டு, சர்க்கரை அளவை விவாதித்தபடி நகர்வார்கள். தேசத்தின் எல்லையைக் காக்கப் போகிறவன் தினமும் முதலில் இவர்கள் எல்லையைக் கடக்க வேண்டும்.

அடுத்து மார்பளவு. சாதாரணமாக 80 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். தையல் டேப்பால் மகனை அளந்த அண்ணன், ஆசைக்குத் தன்னையும் அளந்துகொண்டார். மூச்சை இழுத்ததில் மார்பு அசையவில்லை. சட்டையின் கீழ்ப் பொத்தான்தான் தெறித்தது. உயரத்துக்கு 170 சென்டிமீட்டர் கேட்கிறார்கள். அதற்குப் பயிற்சி ஏதும் இல்லை. பரம்பரையைத்தான் நம்ப வேண்டும்.

அண்ணி ஜோசியரிடம் போனார். அவர் உள்ளங்கையைப் பார்த்து "அரசாங்க உத்தியோகம் நிச்சயம்" என்றார். படை மருத்துவரோ உள்ளங்காலைப் பார்ப்பார். பாதம் தட்டையாக இருந்தால் ரேகை எப்படி இருந்தும் பயனில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் இதே தேர்வுக்குத்தான் ஓடுகிறாள். பெண்களுக்கு 1.6 கிலோமீட்டர், எட்டரை நிமிடம். யாரிடமும் நேரம் கேட்க மாட்டாள். நான்கு சுற்றை முடித்து ஷூ நாடாவை அவிழ்க்கும்போதுதான் அவள் வந்திருந்ததே எங்களுக்குத் தெரியும்.

இத்தனையும் நுழைவுச் சீட்டுதான். உள்ளே போனால் பயிற்சி தரும் உஸ்தாத் இருக்கிறார்; கயிறேற்றம், தடை தாண்டல், விடியற்காலை டிரில், வாய் நீண்டால் 'ரகடா' என்கிற தண்டனைப் பயிற்சி. இது தெரிந்தேதான் பிள்ளைகள் ஓடுகிறார்கள். நாட்டில் எதற்கும் சிபாரிசு பிடிக்கலாம். இந்த 24 நிமிடத்துக்கு எம்.எல்.ஏ. கடிதம் கொடுத்தாலும், அதையும் கையில் வைத்துக்கொண்டு ஓடத்தான் வேண்டும்.

ஆகவே, காலை நடைக்கு வரும் பெரியோர்களே, உங்கள் சர்க்கரை குறையட்டும். உள்தடத்தை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுக் கொடுங்கள். நம்மால் முடிந்த தேச சேவை அதுதான்.