கலோரிக் கணக்கப்பிள்ளை

தட்டில் இட்லி விழுந்ததும் கைபேசியை எடுக்கிறவர் படம் பிடித்துப் போடத்தான் எடுக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் கணக்கு எழுதுகிறார். அலுவலகத்துக்கு ஒருவராவது இருக்கும் இந்தக் கலோரிக் கணக்கப்பிள்ளை, இட்லி எத்தனை, சட்னி எத்தனை கரண்டி என்று செயலியில் பதிந்த பிறகே முதல் விள்ளலை வாயில் வைப்பார். அதற்குள் இட்லி ஆறிப்போயிருக்கும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் கடிகாரம் 10,000 அடி கேட்பதால் இரவு பத்தரை மணிக்கு மொட்டைமாடியில் சுற்றிவருவார். அந்த 10,000 எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்ததல்ல, 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவியொன்றை விற்பதற்காக வைத்த பெயரிலிருந்து வந்தது என்று சொல்லிப் பாருங்கள், கேட்டுக்கொண்டே நடப்பார். நடக்கட்டும். நடைக்குக் காசில்லை. காசெல்லாம் போகுமிடம் சாப்பாடு.

அவருடைய செயலிக்கு நார்ச்சத்து தெரியும், சோடியம் தெரியும். விலை மட்டும் தெரியாது. சாயங்காலம் ‘புரதம் போதவில்லை’ என்று அது சிவப்பு காட்டியதும், பத்து நிமிடத்தில் சாமான் கொண்டுவரும் இன்னொரு செயலியைத் திறப்பார். 10 கிராம் புரதம் என்று அச்சடித்த புரோட்டீன் பார் ஒன்று அறுபது, எழுபது ரூபாய். டெலிவரிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, கூடவே ஒரு ராகி சிப்ஸ் பாக்கெட்டும் ஏறும். நாமக்கல் முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம் இருக்கிறது, கடையில் ஏழெட்டு ரூபாய். பொட்டுக்கடலையில் 100 கிராமுக்கு 20 கிராம். ரேஷன் துவரம் பருப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்: கிலோ 30 ரூபாய்க்கு 200 கிராம் புரதம். கடையில் பருப்பு வந்துவிட்டதா என்று பார்க்க அரசே ஒரு செயலி வைத்திருக்கிறது. ஆனால் நம்மவருக்குக் குடும்ப அட்டை என்பது முகவரிச் சான்று. “இந்த மாசப் பருப்பை நீங்களே வாங்கிக்கோங்க அக்கா” என்று வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் கொடுத்துவிடுகிறார். ஆக, கடிகாரம் கட்டாமலேயே அந்த வீட்டில் புரதக் கணக்கைச் சரியாக முடிப்பவர் அந்த அக்காதான்.

‘சர்க்கரை உள்ளவர் கணக்குப் பார்க்காமல் எப்படி?’ என்று கேட்பார்கள். நியாயம்தான். எத்தனை இட்லி, எவ்வளவு சோறு என்று எழுதிவைப்பது கையை அடக்கும்; அந்த அளவுக்குச் செயலி உதவுகிறது. ஆனால் ‘சாம்பார், ஒரு கப்’ என்று அது கேட்கிறதே, யார் வீட்டுச் சாம்பார்? பருப்பு கரைந்து கெட்டியாக நிற்கும் சாம்பாரும், மாதக் கடைசியில் தெளிந்து தெரியும் சாம்பாரும் அதற்கு ஒன்றே. இந்த இரண்டுக்கும் நடுவே தசமப்புள்ளிக்கு அப்பால் புரதம் பார்ப்பது கணக்கல்ல, வழிபாடு.

‘எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவன் உழவர் சந்தைக்கு எப்போது போவான்?’ என்ற கேள்விக்குத்தான் எனக்கும் பதில் சொல்லச் சிரமம். 1999இல் மதுரையில் தொடங்கிய அந்தச் சந்தைகளில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப்போடுகிறார்கள், சரி. கூட்டம் காலையோடு கலைந்துவிடுகிறது. முருங்கைக்கீரை மலிவு, ஆனால் ஆய்வதற்கு ஆள் வேண்டும், பெரும்பாலும் அந்த ஆள் நம்மவர் அல்ல. மலிவான சத்துணவுக்கு உண்மையான விலை நேரம்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனாலும் முட்டையை ஆய வேண்டியதில்லை, பொட்டுக்கடலையை வேகவைக்கவும் வேண்டாம். பாருக்குப் பதில் இவற்றை அதே பத்து நிமிடச் செயலியில் கேட்டாலும் வரும். கேட்கத் தோன்றாததற்குக் காரணம், ரூபாய்க்கு எத்தனை கிராம் புரதம் என்று அவர் கைபேசியில் எதுவும் காட்டுவதில்லை. அப்படியொரு செயலி வந்தால் முதலில் இறக்கிக்கொள்பவரும் அவரே, அதுவும் ஆண்டுச் சந்தா கட்டி.