ஏழு வருடத்துக்கு ஒரு பாரம்பரியம்

அமெரிக்கத் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு கடமை உண்டு: ஐந்து வயதில் தாங்கள் பார்த்து அலறிய படத்தைப் பேரப்பிள்ளைக்கும் போட்டு அலற வைப்பது. 1942-இல் வந்த ‘பாம்பி’யில் மான்குட்டியின் தாயைச் சுட்டுவிடுகிறார்கள். ‘டம்போ’வில் தாய் யானையைச் சங்கிலி போட்டு அடைக்கிறார்கள். ‘பினோக்கியோ’வில் குறும்புக்காரப் பையன்கள் கழுதைகளாகிறார்கள், அந்தப் பாவிகளை மறுபடி மனிதர்களாக்க யாருக்கும் தோன்றவில்லை. இதற்குப் பெயர் குழந்தைப் படம். இதே வீட்டில்தான் பிள்ளையின் பிஸ்கட்டில் சர்க்கரை எத்தனை கிராம் என்று கண்ணாடி போட்டுப் படிப்பார்கள்.

கேட்டால், தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கமாம். அதற்கு நாள் குறித்தது டிஸ்னியின் கணக்குப்பிள்ளை. 1937-இல் வெளியான ‘ஸ்நோ ஒயிட்’ 1944-இல் மறுபடி தியேட்டருக்கு வந்து காசு பார்த்தது. அப்புறம் என்ன, ஏறத்தாழ ஏழு வருடத்துக்கு ஒருமுறை, புதுப் பிள்ளைகள் முளைத்ததும் பழைய படத்தைத் தூசு தட்டினார்கள். வீடியோ கேசட் வந்ததும் தந்திரம் மாறியது: கொஞ்ச நாள் விற்பது, பிறகு ‘பெட்டகத்தில் வைத்துப் பூட்டப்போகிறோம்’ என்று அறிவிப்பது. பதறியடித்துக்கொண்டு வாங்காத பாட்டி உண்டா?

2020-இல் டிஸ்னியின் ஸ்ட்ரீமிங் சேவையில் ‘டம்போ’வுக்கு முன்னால் இனச் சித்திரிப்பு பற்றிய எச்சரிக்கையைச் சேர்த்தார்கள், குற்றவாளிகள் அதில் வரும் காக்கைகள். அடுத்த வருடம் சிறு பிள்ளைகளின் கணக்கிலிருந்து படத்தையே எடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் கணக்கில் இருக்கிறது. ஆக, பறக்கும் யானைக்குட்டி இப்போது வயது வந்தோருக்கு மட்டும்.