ஐஸ் பெட்டிக்குள்ளை காலை விட்ட கழகத்தாருக்கு

கப்டன் மோனை, மாதகல் மீன்காரனிட்டை ஐஸ் பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு நீங்கள் போனதைப் படலையடியிலை நிண்டு பாத்தனான். நல்ல விசயம். ஐரோப்பாவிலை பெரிய பெரிய ஆட்டக்காரரே ஆட்டம் முடிய ஐஸ் தண்ணிக்குள்ளைதான் குந்தி இருக்கினமாம். சண்டிலிப்பாய்ப் பெடியளுக்கு மட்டும் என்ன குறை? சூடைமீன் மணம் போக ரெண்டு நாள் எடுக்கும், அவ்வளவுதான்.

ஐஸ் நோவைக் கொஞ்சம் தணிக்கும், இல்லையெண்டு ஆர் சொன்னது? ஆனா அதிலை இருந்து எழும்பி நேரை சங்கானைக்குப் போய்க் கொத்துரொட்டியும் சோடாவும், பேந்து விடியப்புறம் மட்டும் போன். காலமை எட்டு மணிக்கு அடுத்த ஆட்டம். ஐஸ் பாவம் மோனை, அது தன்னாலை ஏண்டதைத்தான் செய்யும்.

ஒரு முழு ஆட்டத்திலை நடுக்களத்திலை நிக்கிறவன் 10, 12 கிலோமீற்றர் ஓடுறான். இஞ்சையிருந்து யாழ்ப்பாண ரவுணுக்குப் போற தூரம், அதுவும் பந்துக்குப் பின்னாலை. தசைக்குள்ளை சேத்து வைச்ச மாச்சத்து அதிலை வறண்டு போகும். அது திரும்ப நிரம்ப ரெண்டு, மூண்டு நாள் செல்லும், நல்லாத் திண்டு நல்லாப் படுத்தாலும். அதுக்குத்தான் ஆட்டம் முடிஞ்ச கையோடை சோறு, பருப்பு, முட்டை. நீங்கள் அதைக் கொம்மாமார் வெறும் வீட்டுச் சாப்பாடாச் சமைக்கிறதாலை மதிக்கிறியள் இல்லை. டப்பாவிலை அடைச்சு ஐயாயிரம் ரூபாய் விலை போட்டா வரிசையிலை நிப்பியள்.

தண்ணிக் கணக்கும் சொல்லுறன். ஆட்டத்துக்கு முன்னமும் பின்னமும் தராசிலை ஏறு. ஒரு கிலோ குறைஞ்சிருந்தா ஒண்டரை லீற்றர் தண்ணி உள்ளை போகவேணும், ஒரே மடக்கிலை இல்லை, மெல்ல மெல்ல. உப்புப் போட்ட மோரெண்டா இன்னும் திறம். காலமை ஒண்டுக்குப் போகேக்கை நிறத்தைப் பார். நல்லெண்ணெய் மாதிரி இருந்தா அண்டைக்கு நீ கப்டன் இல்லை, பார்வையாளன்.

சரி, பெடியளை மட்டும் பேசி என்ன பிரயோசனம்? அட்டவணை போடுற பெரிய மனிசரையும் கொஞ்சம் மெச்சுவம்.

2018இலை லண்டனிலை கொனிஃபா உலகக் கிண்ணம் நடந்தது தெரியுமே? பீபாவிலை இடமில்லாத அணியளுக்கு எண்டு வைச்ச போட்டி. எங்கட பேரிலை தமிழீழ அணியும் ஆடினது. மே 31 தொடக்கம் ஜூன் 9 வரை, 16 அணி. பத்து நாளுக்குள்ளை ஆளுக்கு ஆறு ஆட்டம் வாற மாதிரி அட்டவணை. ஜூன் 2 ஒரு ஆட்டம், 3ஆம் திகதி அடுத்தது. இடையிலை ஒரு நித்திரைதான். வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து ஆடினவையும் அதுக்குள்ளை இருந்தவை. குறைஞ்ச காசிலை நடத்திற போட்டி, மைதானத்துக்கும் விடுதிக்கும் நாள் வாடகை; நாளைக் கூட்டினா ஆர் குடுக்கிறது? கார்பாத்தாலியாவும் வட சைப்பிரசும் இறுதியாட்டத்திலை ஒரு கோலும் அடிக்கேல்லை, பெனால்டியிலைதான் முடிஞ்சது. ஆறாவது ஆட்டத்திலை காலும் கட்சி மாறிப் போம்.

அவையிட்டைக் காசில்லை எண்டுவம். காசுள்ளவை என்ன செய்யினம்? 2022இலை கட்டாரிலை 32 அணி, 64 ஆட்டம். 2026இலை 48 அணி, 104 ஆட்டம். களைப்புக்கு மருந்தும் அறிவிச்சிட்டினம்: ஒவ்வொரு பாதியிலையும் மூண்டு நிமிசம் தண்ணி குடிக்க விடுவினமாம், வெயில் எறிச்சாலென்ன, இல்லாட்டிலென்ன. தாராள மனசு! 2024 செப்ரெம்பரிலை மான்செஸ்டர் சிற்றி ரொட்ரி, ஆட்டம் கூடிப்போச்சு, வேலைநிறுத்தம் வரவும் கூடும் எண்டான். ஒரு கிழமை ஆகேல்லை, ஆர்சனலோடை ஆடேக்கை முழங்கால் சவ்வு அறுந்தது. அது களைப்பாலைதான் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். ஆனா அவன்ர வாய்க்கு முதல் முழங்கால் வேலைநிறுத்தம் செய்துபோட்டுது.

2025 ஜூனிலை சின்சினாட்டி வெயிலிலை டோர்ட்முண்ட் அணியின்ர மாற்றாட்டக்காரர் முதற்பாதி முழுக்க உடை மாத்திற அறைக்குள்ளை இருந்து ரீவியிலை ஆட்டம் பாத்தவை. எங்கட கழகம் இதிலை அவைக்கு முன்னோடி: எங்கட மாற்றாட்டக்காரர் ஆட்டோக்குள்ளை இருந்து போனிலை வேற ஆட்டம் பாக்கினம். அவையும் என்ன செய்யிறது? 2020இலை கொரோனாவுக்குப் பிறகு நெருக்கி ஆட்டம் வைக்கவேண்டி வந்ததாலை அஞ்சு பேரை மாத்தலாம் எண்டு விதி போடுறவை விட்டவை, 2022இலை அதை நிரந்தரமாக்கியும் போட்டினம். நீ எத்தினை பேரை மாத்திறாய்? வெளியிலை வா எண்டா உனக்கு மானம் போகுது. நொண்டிக்கொண்டு நிண்டு கோல் விட்டாப் போகாது.

கழகச் செயலாளருக்கும் ஒரு சொல்லு. கால் இறுதி காலமை, அரை இறுதி பின்னேரம், இறுதியாட்டம் இரவு லைற் வெளிச்சத்திலை, எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமை. கேட்டா, பிரதம விருந்தினருக்கு அண்டைக்குத்தான் நேரமாம். அப்பிடியெண்டா அவரைக் காலமையே கூப்பிடு மோனை. மாலையைப் போட்டு, வெற்றிக் கிண்ணத்தைக் கையிலை குடுத்துப் படம் எடுத்து, வடையும் தேத்தண்ணியும் குடுத்து அனுப்பிவிடு. ஆர் வெண்டது எண்டதைப் பெடியள் மற்றக் கிழமை ஆறுதலா ஆடிப் பாக்கட்டும்.